குழந்தைகளுக்கான காகித மடிப்பு: நாய் முகத்திலிருந்து மூடி போட்ட பெட்டி வரை

குழந்தைக்குக் காகித மடிப்பு சொல்லிக்கொடுக்க உட்காரும் பெரியவர்கள் பலரும் கொக்கிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். படத்தில் அழகாகத்தான் இருக்கும். பாதி வழியில் தாள் கசங்கிவிடும், குழந்தை எழுந்து போய்விடும். கொக்குக்கு வேண்டிய மடிப்புகள் அந்தக் கைக்கு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

இங்கே ஆறு பொருள்களை ஒரு வரிசையில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு புதிய அசைவு வரும், அடுத்தடுத்த பொருள்களில் அது கைகொடுக்கும். மூலையோடு மூலை சேர்ப்பது, அளவு பார்த்து மடிப்பது, மையத்துக்குக் கொண்டுவருவது, பையைத் திறந்து தட்டையாக்குவது, பல கோடுகளை ஒரே நேரத்தில் மடக்குவது, கடைசியில் தட்டைத் தாளைச் சுவராக எழுப்புவது. ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் வரிசையை மாற்றாதீர்கள்.

தாள்

சாதாரண ஏ4 தாள் போதும். 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் எல்லா இடத்திலும் கிடைக்கும், இங்குள்ள ஆறு பொருள்களுக்கும் சரிவரும். ஒரு பக்கம் வண்ணமும் மறுபக்கம் வெள்ளையுமாக இருக்கும் சதுரத் தாள்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பது குழந்தைக்குச் சட்டென்று தெரிந்துவிடும். அப்படித் தாள் இல்லையென்றால் ஏ4 தாளின் ஒரு பக்கத்தில் குழந்தையையே க்ரேயானால் தேய்க்கச் சொல்லலாம். சின்னக் குழந்தைகளுக்குச் செய்தித்தாள் மிகவும் ஏற்றது. மெல்லியது, பெரியது, வீணானாலும் கவலையில்லை. தடித்த அட்டையையும் வழவழப்பான பத்திரிகைத் தாளையும் தவிர்த்துவிடுங்கள். அட்டை மடிப்பில் வெடிக்கும், வழவழப்பான தாள் விரலுக்கு அடியில் நழுவும்.

தாளுக்கு ஒரு வாட்டம் உண்டு. இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருப்பதால், ஒரு பக்கமாக வளைத்தால் சுலபமாக வளையும், மறுபக்கமாக வளைத்தால் கொஞ்சம் எதிர்க்கும். மடிக்காமல் லேசாக வளைத்துப் பார்த்தாலே தெரியும். ஒரே தாளில் ஒரு மடிப்பு சுத்தமாகவும் இன்னொன்று சற்றுச் சொரசொரப்பாகவும் விழுவதற்கு இதுதான் காரணம். குழந்தையின் கையைக் குறை சொல்ல வேண்டாம்.

ஏ4 தாளின் அளவு 21 × 29.7 செ.மீ. சதுரமாக்க, மேல் ஓரம் முழுவதும் பக்க ஓரத்தின் மேல் படியும்படி ஒரு மூலையைக் குறுக்கே இறக்கி மடியுங்கள். முக்கோணத்துக்குக் கீழே மீந்து நிற்கும் பட்டையை மடித்து, கோட்டை நகத்தால் அழுத்திக் கத்தரித்துவிட்டால் 21 செ.மீ. சதுரம் கிடைக்கும். மீந்த பட்டை 21 × 8.7 செ.மீ. இருக்கும். அதைத் தூக்கிப் போடாதீர்கள், தவளைக்கு வேண்டும்.

மடிக்கும் விதம்

கெட்டியான மேசையிலோ தரையிலோ வைத்துத்தான் மடிக்க வேண்டும். மடியிலும் மெத்தையிலும் வைத்து மடித்தால் எதுவும் நேராக வராது.

ஒவ்வொரு மடிப்புக்கும் மூன்று அசைவுகள். முதலில் மூலையையோ ஓரத்தையோ சேர வேண்டிய இடத்தில் சேர்க்கணும். அப்புறம் ஒரு கையால் அதை அசையாமல் பிடித்துக்கொள்ளணும். கடைசியாக மறுகை விரலால் மடிப்பின் நடுவில் அழுத்தி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தேய்த்துக்கொண்டு போகணும். குழந்தைகள் சேர்ப்பதற்கு முன்பே தேய்க்கப் பார்ப்பார்கள். "சேர், பிடி, தேய்" என்று சொல்லிக்கொண்டே செய்தால் சீக்கிரம் பழகிவிடும். தேய்த்த கோட்டின் மேல் நகத்தையோ கரண்டியின் பின்பக்கத்தையோ ஒருமுறை ஓட்டினால் மடிப்பு கூர்மையாக நிற்கும். நான் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதம் பிடிப்பேன் என்றால் அது இந்தக் கூர்மைதான். முதல் மடிப்பில் 2 மி.மீ. விலகல் சின்னதாகத் தெரியும். பத்தாவது மடிப்பில் எந்த மூலையும் எந்த மூலையோடும் சேராது.

தாளை நம் பக்கம் மடித்தால் கோடு உள்ளே இறங்கும், அது பள்ள மடிப்பு. பின்பக்கம் மடித்தால் கோடு மேலே எழும், அது மேட்டு மடிப்பு. வரைபடங்களில் பள்ள மடிப்பைச் சிறு கோடுகளாலும், மேட்டு மடிப்பைக் கோடும் புள்ளியும் மாறி மாறியும் காட்டுவார்கள். ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிஸாவா (1911–2005) 1950களில் உருவாக்கிய முறை அது. அம்புக்குறிகளோடு இன்று உலகம் முழுவதும் அதையே பின்பற்றுகிறார்கள். குழந்தை இந்த இரண்டு கோடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால், மொழி தெரியாத மடிப்புப் புத்தகத்தையும் பார்த்துச் செய்துவிடும்.

பக்கத்தில் உட்காருங்கள்

குழந்தைக்கு எதிரே உட்கார்ந்தால் உங்கள் இடது அதற்கு வலது. பக்கத்தில், ஒரே திசையைப் பார்த்து உட்காருங்கள். உங்களுக்கு ஒரு தாள், குழந்தைக்கு ஒரு தாள். உங்கள் தாள் பெரிதாக இருந்தால் நல்லது.

குழந்தையின் கையிலிருந்து தாளை வாங்கிச் சரிசெய்யாதீர்கள். கோணலாக மடித்தாலும் அது குழந்தை மடித்தது. தவறு எங்கே என்று காட்ட வேண்டுமானால் உங்கள் தாளைப் பிரித்து, அதே படியை மறுபடி மெதுவாகச் செய்துகாட்டுங்கள். தாளை வாங்கி நாம் முடித்துக்கொடுத்தால், அடுத்த முறையும் அதே இடத்தில் தாள் நம் கைக்கு வந்துவிடும்.

"இப்படி மடி" என்பதைவிட "இந்த மூலையை அந்த மூலையோடு சேர்" என்று சொல்வது உதவும். மூலை, ஓரம், நடுக்கோடு, மையம், மூலைவிட்டம் ஆகிய சொற்கள் விளையாட்டோடு விளையாட்டாகப் பதிந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மழலையர் பள்ளி முறையை உருவாக்கிய ஃபிரெடரிக் ஃப்ரோபெல், காகித மடிப்பைக் குழந்தைகளின் செயல்பாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தார். ஒரு சதுரத்தை நான்கு முறை மடித்த குழந்தைக்குப் பாதி, கால், முக்கோணம் எல்லாம் பாடமாகச் சொல்வதற்கு முன்பே கையில் இருக்கும்.

1. நாய் முகம் (சுமார் 4 வயதிலிருந்து)

சதுரத் தாளை மூலையோடு மூலை சேர்த்து முக்கோணமாக மடியுங்கள். நீளமான ஓரம் மேலே, கூர்முனை கீழே இருக்கட்டும். மேலே இருபுறமும் உள்ள இரண்டு மூலைகளையும் சாய்வாகக் கீழே மடித்தால் காதுகள். கீழ் முனையைக் கொஞ்சம் மேலே மடித்தால் மூக்கு. கண்ணும் வாயும் வரைந்தால் முடிந்தது.

பூனை வேண்டுமா? கூர்முனை மேலே இருக்கும்படி முக்கோணத்தை வையுங்கள். அந்த முனையைச் சிறிது கீழே மடித்து, இரண்டு பக்க மூலைகளையும் மேல்நோக்கி மடித்துத் திருப்பினால் நிமிர்ந்த காதுகளோடு பூனை வரும். காது எவ்வளவு சாய வேண்டும் என்று அளவு சொல்லாதீர்கள். ஒவ்வொரு காதும் ஒவ்வொரு மாதிரி வந்தால்தான் முகங்களும் வேறு வேறாக இருக்கும்.

2. குவளை (5 வயதிலிருந்து)

ஐந்தே மடிப்புதான். தண்ணீர் ஊற்றிக் குடிக்கலாம் என்பதால் குழந்தைக்கு இது பெரிய விஷயமாக இருக்கும்.

1. சதுரத்தை முக்கோணமாக மடியுங்கள். இந்த முறை கூர்முனை மேலே, நீளமான ஓரம் கீழே.
2. அடையாளக் கோடு ஒன்று வேண்டும். மேலடுக்கை மட்டும் எடுத்து, அதன் இடது சாய்வு ஓரம் கீழ் ஓரத்தின் மேல் படியும்படி மடித்துத் தேய்த்து, பிரித்துவிடுங்கள். அந்தக் கோடு வலது சாய்வில் ஓர் இடத்தில் முடியும்.
3. இடது கீழ் மூலையைத் தூக்கி அந்த இடத்தில் வைத்து மடியுங்கள். மடிந்த பகுதியின் மேல் ஓரம், கீழ் ஓரத்துக்கு இணையாகப் படுத்திருந்தால் சரி.
4. வலது கீழ் மூலையை எதிர்ப்பக்கம் கொண்டுபோய், இடது சாய்வில் அதே உயரத்தில் சேர்த்து மடியுங்கள்.
5. மேலே இரண்டு முக்கோண முனைகள் மீந்திருக்கும். ஒன்றை முன்பக்கமும் மற்றொன்றைப் பின்பக்கமும் இறக்கி மடித்து, வாயைத் திறங்கள்.

இரண்டாவது படிதான் இதில் புதிது. பொருளுக்காக இல்லாமல், அடுத்த மடிப்புக்கு அளவு காட்டுவதற்காகவே ஒரு கோடு போடுவது. மடித்ததை ஏன் பிரிக்க வேண்டும் என்று குழந்தை கேட்கும், காரணத்தைச் சொல்லிவிடுங்கள். குடிப்பதற்கென்றால் அச்சடிக்காத, வண்ணமில்லாத புதுத் தாளாக இருக்கட்டும். சில நிமிடங்கள் தாங்கும், பிறகு ஊறிவிடும்.

3. வாய் திறந்து மூடும் விரல் பொம்மை (6 வயதிலிருந்து)

சதுரத்தை இரண்டு மூலைவிட்டங்களிலும் மடித்துப் பிரியுங்கள். கோடுகள் வெட்டும் இடம்தான் மையம். நான்கு மூலைகளையும் மையத்துக்கு மடியுங்கள். மூலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒரு மயிரிழை இடைவெளி விட்டால் அடுத்த சுற்று சிக்காது. தாளைத் திருப்பிப் போட்டு, மறுபடி நான்கு மூலைகளையும் மையத்துக்கு மடியுங்கள்.

இப்போது சிறு சதுரம் ஒன்று இருக்கும். அதைப் பாதியாக மடித்துப் பிரித்து, மறுதிசையிலும் பாதியாக மடித்துப் பிரியுங்கள். மறுபக்கத்தில் நான்கு சதுரப் பைகள் தெரியும். இரண்டு கைகளின் கட்டை விரல், ஆள்காட்டி விரல்களை அடியிலிருந்து அவற்றுக்குள் நுழைத்து, நான்கையும் நடுவில் சேர்த்தால் பொம்மை எழுந்து நிற்கும். கையை முன்னும் பின்னும், பிறகு பக்கவாட்டிலும் அசைத்தால் இரண்டு விதமாக வாய் திறக்கும்.

உள்ளே எட்டு முக்கோணங்கள் இருக்கும். எட்டு எண்களை எழுதி, மடிப்பைத் தூக்கினால் தெரியும் இடத்தில் விடுகதையோ வாய்ப்பாட்டுக் கேள்வியோ எழுதலாம். இதை ஒருமுறை செய்த குழந்தை தானாகவே இன்னும் செய்துகொண்டிருக்கும். மையத்துக்கு மடிப்பது கையில் ஊறிவிடும், அதுதான் நமக்கு வேண்டியது.

4. கப்பல் (6, 7 வயதிலிருந்து)

கப்பலுக்குச் சதுரம் வேண்டாம், முழு ஏ4 தாளே போதும். எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் நடுவில் ஓர் இடத்தில் பலரும் மாட்டிக்கொள்வார்கள். ஆறாவது படியில் அவசரப்படாதீர்கள்.

1. தாளை நெடுக்காக வைத்து, மேல் ஓரத்தைக் கீழ் ஓரத்தோடு சேர்த்துப் பாதியாக மடியுங்கள். மடிப்பு மேலே, திறந்த பக்கம் கீழே.
2. இடமும் வலமும் சேர்த்துப் பாதியாக மடித்துப் பிரியுங்கள். இது நடுக்கோடு.
3. மேல் மூலைகள் இரண்டையும் நடுக்கோட்டில் சேருமாறு இறக்கி மடியுங்கள். கூரை வடிவம் வரும், அடியில் ஒரு பட்டை மீந்திருக்கும்.
4. முன்பட்டையை மேலே மடியுங்கள். திருப்பிப் போட்டு மறுபட்டையையும் மேலே மடியுங்கள். இப்போது அது தொப்பி. குழந்தை தலையில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டால் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிடுங்கள்.
5. பட்டைகளின் முனைகள் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும். முன்பட்டையின் முனையைப் பின்பக்கமும், பின்பட்டையின் முனையை முன்பக்கமும் மடித்து ஒன்றுக்குள் ஒன்று சொருகுங்கள்.
6. தொப்பியின் வாய்க்குள் இரண்டு கட்டை விரல்களையும் விட்டு, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நடுவில் பிடித்து எதிரெதிராக இழுங்கள். இடது முனையும் வலது முனையும் ஒன்றை ஒன்று நெருங்கிவரும். இரண்டும் சேர்ந்ததும் தட்டையாக அழுத்தினால், முனையில் நிற்கும் சதுரம் கிடைக்கும்.
7. திறந்த முனை கீழே இருக்கட்டும். முன்னடுக்கின் கீழ் முனையை மேல் முனை வரை மடியுங்கள். திருப்பிப் பின்னடுக்கையும் அப்படியே மடியுங்கள். மறுபடி ஒரு முக்கோணம், முன்னதைவிடச் சின்னது.
8. ஆறாவது படியையே இதற்கும் செய்யுங்கள். மறுபடி சதுரம்.
9. மேல் முனையில் தளர்வாக இருக்கும் இரண்டு முனைகளைப் பிடித்து, இடமும் வலமும் மெதுவாக இழுங்கள். நடுவில் முக்கோணப் பாய்மரம் எழும். அடிப்பாகத்தை விரலால் சற்று விரித்துவிட்டால் கப்பல் நிற்கும்.

ஆறாவது படியில் குழந்தைகள் பக்க முனைகளைப் பிடித்து இழுப்பார்கள், தொப்பி இன்னும் இறுகும். இழுக்க வேண்டியது நடுப்பகுதியை. விரல் வைக்க வேண்டிய இடத்தில் முன்னும் பின்னும் ஒவ்வொரு புள்ளி வைத்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது. ஒன்பதாவது படியில் தாள் கிழிவதற்கு ஐந்தாம் படியில் சரியாகச் சொருகாததோ, நடு மடிப்புகளைத் தேய்க்காததோதான் பெரும்பாலும் காரணம்.

தண்ணீரில் விடுவதற்கு முன்பு, விரித்த தாளின் வெளிப்பக்கத்தில் மெழுகு க்ரேயானை அழுத்தித் தேய்த்துவிட்டு மடித்தால் கப்பல் அதிக நேரம் மிதக்கும். மெழுகு தண்ணீரை ஒட்டவிடாது.

ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால் ஏ5, அதைப் பாதியாக வெட்டினால் ஏ6. அளவு குறைந்தாலும் நீள அகல விகிதம் மாறாது. அதனால் எந்த அளவில் மடித்தாலும் அதே வடிவக் கப்பல்தான் வரும். பெரியது, நடுத்தரம், சின்னது என்று வரிசையாக நிறுத்திவைத்துக் குழந்தையிடம் காரணம் கேட்டுப் பாருங்கள்.

5. குதிக்கும் தவளை (7 வயதிலிருந்து)

பத்திரமாக வைத்த 21 × 8.7 செ.மீ. பட்டையை எடுங்கள். நீளம் அகலத்தைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு, தவளைக்கு நல்ல அளவு.

1. பட்டையை நெடுக்காக வையுங்கள். மேல் வலது மூலையை இறக்கி, மேல் ஓரம் முழுவதும் இடது ஓரத்தின் மேல் படியுமாறு மடித்துப் பிரியுங்கள். இடது மூலைக்கும் அப்படியே. பெருக்கல் குறி தெரியும்.
2. தாளைத் திருப்பிப் போடுங்கள். பெருக்கல் குறியின் நடுப்புள்ளி வழியாகக் குறுக்கே மடித்துப் பிரியுங்கள். மறுபடி பழைய பக்கத்துக்குத் திருப்புங்கள். இப்போது பெருக்கல் கோடுகள் பள்ளமாகவும் குறுக்குக் கோடு மேடாகவும் இருக்கும்.
3. குறுக்குக் கோட்டின் இரண்டு ஓரங்களையும் உள்நோக்கித் தள்ளிக்கொண்டே மேல் ஓரத்தைக் கீழே இறக்குங்கள். கோடுகள் தாமாகவே மடங்கி முக்கோணமாகப் படுக்கும்.
4. முக்கோணத்தில் தளர்வாக இருக்கும் இரண்டு மூலைகளையும் உச்சி முனைக்கு மடியுங்கள். இவை முன்னங்கால்கள்.
5. இடது, வலது ஓரங்களை நடுக்கோட்டில் சேர மடியுங்கள்.
6. கீழ் ஓரத்தை உச்சி முனை வரை மேலே மடியுங்கள். அப்புறம் அதே ஓரத்தைத் திரும்பக் கீழே கொண்டுவந்து, இப்போது விழுந்த மடிப்போடு சேர்த்து மடியுங்கள்.
7. முன்னங்கால் நுனிகளைச் சற்று வெளியே சாய்த்து, திருப்பிப் போடுங்கள்.

முதுகின் பின்முனையில் விரலை வைத்து அழுத்தி, விரலைப் பின்பக்கமாக நழுவவிட்டால் தவளை தாவும். ஆறாவது படியின் இரட்டை மடிப்புதான் இங்கே விசை. அழுத்தும்போது மடிப்பு இறுகுகிறது, விரல் விலகியதும் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. அதனால் இவ்வளவு நேரம் நகத்தால் தேய்க்கச் சொன்ன நான், இந்த இரண்டு மடிப்புகளை மட்டும் லேசாக விடச் சொல்வேன். முழுக்க நசுக்கிவிட்டால் திரும்பி எழும் சக்தி இருக்காது. தவளை குதிக்காவிட்டால் இந்த மடிப்புகளைக் கொஞ்சம் விரித்துவிட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள்.

மூன்றாவது படியில் தாள் மடங்க மறுத்தால், இரண்டாவது படியில் திருப்பிப் போட மறந்திருப்பீர்கள். மேடு பள்ளமாகிவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் அது உள்ளே போகாது.

6. மூடி போட்ட பெட்டி (8 வயதிலிருந்து)

பசையும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். ஜப்பானில் இதை 'மசு' என்கிறார்கள்.

1. சதுரத்தை ஓரத்தோடு ஓரம் சேர்த்து இரண்டு திசையிலும் பாதியாக மடித்துப் பிரியுங்கள். பெட்டியின் மூலைகள் பின்னால் இந்தக் கோடுகளில்தான் மடங்கப்போகின்றன, நன்றாகத் தேயுங்கள்.
2. நான்கு மூலைகளையும் மையத்துக்கு மடியுங்கள். விரல் பொம்மையில் பழகியதுதான்.
3. இப்போதுள்ள சதுரத்தின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் நடுவுக்கு மடித்துப் பிரியுங்கள். இடது, வலது ஓரங்களையும் அப்படியே மடித்துப் பிரியுங்கள்.
4. மேல் மூலையையும் கீழ் மூலையையும் முழுவதுமாக விரித்துவிடுங்கள், கூராக நீளும் இவைதான் வால்கள். இடது, வலது மூலைகள் மடிந்தே இருக்கட்டும்.
5. இடது, வலது பக்கங்களைக் கோட்டில் தூக்கிச் செங்குத்தாக நிறுத்துங்கள். இரண்டு சுவர்கள் தயார்.
6. மேல் வாலைத் தூக்குங்கள். தூக்கும்போதே இரண்டு பக்கச் சுவர்களின் முனைகளும் சாய்ந்த கோட்டில் மடங்கி உள்ளே வரும். மூன்றாவது சுவர் எழுந்ததும், வாலை அதன் மேலாக உள்ளே மடக்கி இறக்குங்கள். கூர்முனை அடித்தளத்தின் மையத்தில் போய் உட்காரும்.
7. கீழ் வாலுக்கும் இதையே செய்யுங்கள்.

ஆறாவது படியில் இரண்டு கைகள் போதாது என்று தோன்றும். எதிர்ச் சுவர்களை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், வாலைக் குழந்தை மடக்கட்டும். குழந்தையின் தாளில் பெரியவர் கைவைக்க நான் சம்மதிக்கும் இடம் இது ஒன்றுதான்.

21 செ.மீ. தாளில் செய்தால் பெட்டியின் பக்கம் சுமார் 7.4 செ.மீ., உயரம் 3.7 செ.மீ. வரும். மூடிக்கு இதே தாளில் இன்னொன்று மடித்தால் இரண்டும் ஒரே அளவாகி ஒன்றில் ஒன்று நுழையாது. அடிப்பெட்டிக்கான தாளில் அடுத்தடுத்த இரண்டு ஓரங்களில் 5 மி.மீ. வெட்டிவிட்டு, 20.5 செ.மீ. சதுரத்தில் மடியுங்கள், மூடி சரியாகப் பொருந்தும்.

கொக்கு எப்போது?

தவளையின் மூன்றாவது படியும் பெட்டியின் ஆறாவது படியும் குழந்தைக்கு உதவியில்லாமல் வந்துவிட்டால் கொக்குக்குப் போகலாம். வயதைவிட இந்த இரண்டையும்தான் நான் அளவாக வைப்பேன். கொக்கில் மூலையிலிருந்து பல அடுக்குகள் சேர்ந்து கூர்முனையாகக் குவியும். சின்னத் தாளில் அந்த முனைகள் விரலுக்குப் பிடிபடாது. முதல் கொக்குக்கு 20 செ.மீ.க்குக் குறையாத, மெல்லிய சதுரத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.